நெடும்பயணப் பெருவண்டி: புதுமையை எதைக் கொண்டு அளப்பது?

நாளொன்றுக்கு 600, 700 கிலோமீட்டர், அதுவும் இருவராக, மூட்டை முடிச்சோடு போவதற்கென்றே செய்யப்படும் மோட்டார் சைக்கிள்கள் உலகில் சிலவே. ஹோண்டாவின் கோல்டு விங், ஹார்லி டேவிட்சனின் எலக்ட்ரா கிளைடு வழிவந்த வண்டிகள், பி.எம்.டபிள்யூ.வின் கே1600, இந்தியன் நிறுவனத்தின் ரோடுமாஸ்டர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இவற்றில் ஒன்றைப் புதுப்பித்து வெளியிடும்போதெல்லாம் நிறுவனங்கள் முதலில் சொல்வது திரையின் அகலம், ஒலிபெருக்கியின் திறன், ஓட்டும் முறைகளின் எண்ணிக்கை. பட்டியல் நீண்டால் புதுமையும் கூடிவிட்டதாக வாங்குபவரும் நம்பிவிடுகிறார். இந்த வகை வண்டிக்கு இருக்கும் ஒரே வேலை, இரண்டு மனிதர்களைத் தொலைதூரத்துக்குக் களைப்பில்லாமல் கொண்டுசேர்ப்பது. அப்படியானால் புதுமையையும் களைப்பை வைத்துத்தான் அளக்க வேண்டும். அப்படி அளந்து பார்த்தால் முதலில் குறைந்திருக்க வேண்டியது எடை. அதைத் துணிந்து குறைத்தது 2018-இல் வெளிவந்த கோல்டு விங். அதன் பெருமை, அது செய்த பிழை, இன்னும் செய்யாமல் விட்டிருப்பது ஆகிய மூன்றும் இந்த ஒரே அளவுகோலில் தெளிவாகத் தெரிகின்றன.

எடை எப்படி ஏறியது என்பதிலிருந்து தொடங்குவோம். முதல் கோல்டு விங் 1974-இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் அறிமுகமானது. அதற்கு முன்பே, 1972-இல், சோய்ச்சிரோ இரிமாஜிரியின் தலைமையில் ஹோண்டா ஒரு சோதனை வண்டியைச் செய்திருந்தது. அதில் இருந்தது 1470 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின். விற்பனைக்கு வந்த ஜிஎல்1000 அந்த அளவுக்குப் போகவில்லை. 999 சிசி, படுத்த நிலையில் எதிரெதிராக நான்கு சிலிண்டர்கள், நீரால் குளிர்விப்பு, சங்கிலிக்குப் பதில் ஷாஃப்ட். பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியில் இருந்தது. வழக்கமாக டேங்க் இருக்கும் இடத்தில் மின்சாதனங்களை வைத்தார்கள். எஞ்சினும் எரிபொருளும் தரைக்கு அருகே தங்கியதால் புவியீர்ப்பு மையம் தாழ்ந்தது. எரிபொருள் நீங்கலாக எடை சுமார் 265 கிலோ. முன்புறத்தில் காற்றுத் தடுப்பு இல்லை, பெட்டிகளும் இல்லை. அமெரிக்கர்கள் அதை வாங்கி, கிரெய்க் வெட்டர் வடிவமைத்த விண்ட்ஜாமர் போன்ற வெளிச்சந்தைக் காற்றுத் தடுப்புகளைப் பொருத்திக்கொண்டார்கள். வாடிக்கையாளர் எதை ஒட்டிக்கொள்கிறார் என்று பார்த்த ஹோண்டா, 1980-இல் ஜிஎல்1100 இன்டர்ஸ்டேட் வகையில் காற்றுத் தடுப்பையும் பெட்டிகளையும் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுத்தது. அதே ஆண்டு கோல்டு விங் உற்பத்தியும் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து மேரிஸ்வில் நகருக்குப் போனது. வண்டி பிறந்தது ஜப்பானிய நிறுவனத்தில்; அதன் உருவத்தைத் தீர்மானித்தது அமெரிக்க நெடுஞ்சாலை.

அதன்பின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் நியாயமான காரணம் இருந்தது. வானொலி கேட்டார்கள், வந்தது. பின்னால் உட்காருபவருக்குச் சாய்மானம் கேட்டார்கள், வந்தது. 1988-இல் ஜிஎல்1500 ஆறு சிலிண்டரோடு 1520 சிசி ஆனது. எரிபொருள் இல்லாமலே 360 கிலோவைத் தொட்டது. பதினான்கு ஆண்டுகளுக்குள் கிட்டத்தட்ட நூறு கிலோ கூடுதல். அந்த வண்டியில்தான் ரிவர்ஸ் கியரும் வந்தது. எஞ்சினைத் தட்டியெழுப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரையே பயன்படுத்தி வண்டியைப் பின்னால் நகர்த்தும் ஏற்பாடு அது. அந்நாளில் அதை வசதி என்றே எல்லோரும் எழுதினார்கள். என் பார்வையில் அது ஓர் ஒப்புதல் வாக்குமூலம். சராசரி உடல்வலு உள்ள ஒருவரால் காலால் உந்திப் பின்னே தள்ள முடியாத இடத்துக்கு வண்டி வந்துவிட்டது என்பதை நிறுவனமே ஏற்றுக்கொண்டுவிட்டது. 2001-இல் 1832 சிசி எஞ்சினும் அலுமினியச் சட்டமும் கொண்ட ஜிஎல்1800 வந்தபோது ஓட்டம் வெகுவாக மேம்பட்டது. ஆனால் எரிபொருள் நிரப்பிய எடை 400 கிலோவைத் தாண்டியே நின்றது.

இதே காலத்தில் ஓட்டுபவர்களுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. அமெரிக்க மோட்டார் சைக்கிள் தொழிற்குழுமத்தின் கணக்கெடுப்பின்படி அந்நாட்டு மோட்டார் சைக்கிள் உரிமையாளர்களின் இடைநிலை வயது 1990-இல் 32, 2018-இல் 50. பெருவண்டி வாங்குபவர்கள் இந்த இடைநிலைக்கும் மேலே இருப்பவர்கள் என்று கொள்வதில் தவறிருக்காது. 1977-இல் தொடங்கிய கோல்டு விங் ரோடு ரைடர்ஸ் அசோசியேஷன் என்ற பெரும் அமைப்பு, உறுப்பினர்கள் குறைந்துபோனதால் 2022-இல் மூடப்பட்டது. இந்த வயதுக்காரரை நெடுஞ்சாலையின் வேகம் அச்சுறுத்துவதில்லை. அவர் அஞ்சுவது பெட்ரோல் பங்க் ஓரத்துச் சரளைக் கல்லை. வண்டி நேராக நிற்கும்வரை ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து பாகை சாய்ந்துவிட்டால் காலின் மேல் இறங்கும் பாரம் சட்டென்று பெருகும், முழங்கால் தாங்காது. கீழே விழுந்தால் தூக்கி நிறுத்த இன்னொருவர் வேண்டும். நெடும்பயணத்தை நிறுத்திக்கொண்ட பலர் நிறுத்தியது ஓட்டத் தெரியாமல் அல்ல, நிறுத்துமிடத்தில் நம்பிக்கை போனதால்.

2018 வண்டியை வடிவமைத்தவர்கள் இங்கிருந்துதான் கையை வைத்தார்கள். அவர்கள் செய்ததில் மிக முக்கியமானது முன்சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு. சாதாரண மோட்டார் சைக்கிளில் முன்பக்கம் இரண்டு குழாய்கள் உண்டு, ஃபோர்க் என்போம். அவை சக்கரத்தைத் திருப்பவும் வேண்டும், பள்ளத்தின் அதிர்ச்சியை விழுங்கவும் வேண்டும். ஃபோர்க் சாய்வாக நிற்பதால், பள்ளத்தில் அமுங்கும்போது சக்கரம் மேலே போவதோடு எஞ்சினை நோக்கிப் பின்னாலும் நகரும். ஆகவே சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடம் விட்டாக வேண்டும். ஆறு சிலிண்டர் எஞ்சின் ஏற்கெனவே நீளமானது. அந்த இடைவெளியும் சேர்ந்தால் எஞ்சின் பின்னே தள்ளப்படும், அதன் பின்னால் ஓட்டுபவர், அவருக்குப் பின்னால் துணைப்பயணி, கடைசியில் பெட்டி என்று எல்லாமே பின்னேறும். புதிய வண்டியில் ஃபோர்க்கை எடுத்துவிட்டு, காரில் இருப்பதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விஷ்போன் கரங்களைப் பொருத்தினார்கள். அதிர்ச்சியை ஏற்பது தனியான ஒரு ஷாக் அப்சார்பர். ஹேண்டில்பாரின் திருப்பம் தனிக் கம்பிகள் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. இப்போது சக்கரம் ஏறக்குறைய நேர்செங்குத்தாக மேலும் கீழும் போகிறது. இடைவெளி தேவையில்லாமல் போனதால் எஞ்சின் முன்னே வந்தது, ஓட்டுபவரும் முன்னே வந்தார். முன்னே வந்ததால் அவர் காற்றுத் தடுப்புக்கு நெருங்கினார். அதைச் சிறிதாக்க முடிந்தது. ஒரு கோணத்தை மாற்றியதில் வண்டி முழுவதும் சுருங்கியது. இந்த யோசனை ஹோண்டாவின் கண்டுபிடிப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த நார்மன் ஹாசக் 1970-களின் இறுதியிலேயே இத்தகைய முன்னமைப்பைச் செய்து காட்டினார். பி.எம்.டபிள்யூ. 2004-இல் டியூவோலீவர் என்ற பெயரில் அதைக் கே1200எஸ் வண்டியில் கொண்டுவந்தது. ஹோண்டாவின் தகுதி, அந்த யோசனை எங்கே அதிகம் பயன்படுமோ அங்கே அதைப் பயன்படுத்தியதில் இருக்கிறது.

மற்றவற்றிலும் இதே சிக்கனம் ஓடியது. எஞ்சின் 1833 சிசி, ஆறு சிலிண்டர் என்று அப்படியே இருந்தாலும் உள்ளே முற்றிலும் புதிது. எடையும் நீளமும் குறைவு. ஸ்டார்ட்டரையும் மின்னாக்கியையும் ஒரே கருவியாக்கியதில் 2.4 கிலோ மிச்சம். டேங்க் 25 லிட்டரிலிருந்து 21 லிட்டராகச் சுருங்கியது. தொலைதூர வண்டியில் டேங்கைக் குறைப்பதா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. எரிபொருள் சிக்கனம் சுமார் 20 சதவீதம் கூடியதாக ஹோண்டா சொன்னது. 21-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 25.2. ஒருமுறை நிரப்பினால் போகும் தூரம் மாறவில்லை. நான்கு லிட்டர் பெட்ரோலைச் சுமப்பது மட்டும் நின்றுபோனது. இப்படிச் சேர்த்துச் சேர்த்து, பின்பெட்டியோடு வரும் டூர் வகை வண்டி சுமார் 40 கிலோ இளைத்தது. அதே இனத்தில் ஹார்லி 2024-இல் ஸ்ட்ரீட் கிளைடைப் புதுப்பித்தபோது குறைத்த எடை சுமார் 8 கிலோ. அங்கே தலைப்புச் செய்தியானது 12.3 அங்குலத் தொடுதிரை.

எடை குறைந்தால் நெடுஞ்சாலையில் நிலைத்தன்மை போய்விடாதா, லாரி கடக்கும்போது காற்றடித்தால் வண்டி தள்ளாடாதா என்பது பழைய ஓட்டுநர்களின் முதல் எதிர்ப்பு. அனுபவத்திலிருந்து வருவதால் அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கனமான வண்டிகள் நிலையாக ஓடுவதற்குக் காரணம் கனம் மட்டும் அல்ல. சக்கரங்களுக்கு இடையிலான நீளம், முன்சக்கரத்தின் கோணம், தாழ்ந்த புவியீர்ப்பு மையம், காற்றைக் கிழிக்கும் உடல் வடிவம் ஆகியவையே பெரும் காரணங்கள். பழைய ஜிஎல்1800-இன் சக்கர இடைவெளி 1690 மில்லிமீட்டர். நாற்பது கிலோ இளைத்த புதிய வண்டியில் அது 1695. சுருக்கத் தெரிந்தவர்கள் எதைச் சுருக்கக் கூடாது என்பதையும் அறிந்திருந்தார்கள். எதிர்ப்பின் இன்னொரு வடிவம் கணக்கு சார்ந்தது. இருவரும் பெட்டிகளும் ஏறினால் மொத்தம் ஐந்நூற்றைம்பது கிலோவைத் தாண்டும்போது நாற்பது கிலோ என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பார்கள். ஓடும் வண்டிக்கு இது சரியான கேள்வி. நிற்கும் வண்டிக்கு இது பொருந்தாது. சரிவில் வண்டியைத் திருப்பும்போது துணைப்பயணி இறங்கிவிடுகிறார். அந்த ஆபத்தான நிமிடத்தில் ஓட்டுபவர் தனியாகச் சுமப்பது வண்டியின் எடையைத்தான். அங்கே பத்தில் ஒரு பங்கு குறைந்திருப்பது முழுதாகக் கைக்குத் தெரியும்.

இரண்டாவது எதிர்ப்பு நியாயமானது. அதில் நான் எதிர்த்தரப்போடு நிற்கிறேன். முந்தைய வண்டியில் 150 லிட்டர் அளவுக்கு இருந்த பெட்டிகளின் கொள்ளளவு 2018-இல் 110 ஆனது. இரண்டு முழுமுக ஹெல்மெட்டுகள் பின்பெட்டியில் சரியாக அடங்கவில்லை. துணைப்பயணியின் சாய்மானம் ஏறக்குறைய நிமிர்ந்து நின்றது. இந்த வண்டியை வாங்குவோரில் பெரும்பகுதியினர் தம்பதிகள். பின்னால் இருப்பவருக்கு ஹேண்டில்பார் இல்லை, செய்வதற்கு வேலை இல்லை. முதுகுதான் அவருடைய பயணம். அவர் மூன்றாம் மணி நேரத்தில் நெளியத் தொடங்கினால் முன்னால் இருப்பவரின் நாளும் அங்கே முடிந்தது. களைப்புதான் அளவுகோல் என்றால் இருவரின் களைப்பையும் கூட்ட வேண்டும். 2018-இல் அந்தக் கணக்கில் ஒருவர் விடுபட்டுப்போனார். 2021-இல் ஹோண்டா திருத்திக்கொண்டது. பின்பெட்டி 50 லிட்டரிலிருந்து 61 லிட்டராகி மொத்தக் கொள்ளளவு 121 ஆனது. துணைப்பயணியின் சாய்மானம் 24.5 பாகைக்குச் சாய்க்கப்பட்டது. பழைய 150-க்குத் திரும்பிப் போகவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எங்கே அதிகம் வெட்டிவிட்டோம் என்று கண்டுபிடித்து அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார்கள். எடை குறைப்பு தவறு என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறவர்கள், பதினொரு லிட்டரை மட்டும் கவனித்து, வண்டி இன்னமும் இளைத்தே இருப்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

ஓடும்போது வரும் களைப்புக்கு முதல் காரணம் காற்று. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஹெல்மெட்டுக்குள் இரைச்சல் பெரும்பாலும் 90 டெசிபலைத் தாண்டும்; எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் எல்லை 85. முன்கண்ணாடி பெரிதாக இருந்தால் இது தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் உயரமான கண்ணாடியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகும், அது தலையை இடைவிடாமல் ஆட்டும். பொத்தானை அழுத்தி உயரத்தை மாற்றும் மின்கண்ணாடி இதற்கு நல்ல விடை, ஏனெனில் சரியான உயரம் ஓட்டுபவரின் உயரத்தையும் வேகத்தையும் பொறுத்து மாறுவது. ஆனாலும் உடலை மூடும் பரப்பு குறைந்ததால் குளிரிலும் மழையிலும் பழைய வண்டி தந்த அடைக்கலத்தைப் புதியது முழுமையாகத் தருவதில்லை. இது இளைத்ததற்குக் கொடுத்த விலை, மறைக்க வேண்டியதில்லை.

கிளட்ச் பிடிக்காமலே தானாகக் கியர் மாற்றும் ஏழு கியர் டிசிடி (இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி) பற்றி எழும் மனத்தாங்கல் வேறு வகை. கியர் மாற்றும் கைவேலை போனால் மோட்டார் சைக்கிளின் உயிரே போயிற்று என்பார்கள். மலைப்பாதையில் ஒரு மணி நேரம் விளையாடுகிறவருக்கு அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீண்ட பயணத்தின் கடைசி அரைமணி நேரம் பெரும்பாலும் ஊருக்குள், மாலை நெரிசலில், இடது கை மரத்துப்போன நிலையில் கழிகிறது. பயணம் ஆபத்தாவதும் அப்போதுதான். அதே டிசிடி வண்டியை மணிக்குச் சுமார் 1.2 கிலோமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் நகர்த்தவும் செய்கிறது. நிறுத்துமிடத்தில் கால் தரையில் ஊன்றியபடியே வண்டியை இடத்தில் சேர்த்துவிடலாம். கையால் கியர் மாற்றும் வகையைப் பல நாடுகளில் தொடர்ந்து விற்கிறார்கள். விருப்பமுள்ளவர்களிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை.

திரைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்லெண்ணம் இல்லை. ஆப்பிள் கார்ப்ளே வசதியோடு வந்த முதல் மோட்டார் சைக்கிள் 2018 கோல்டு விங்தான். வழிகாட்டி வரைபடம் கண்முன் இருப்பது உண்மையான உதவி. ஆனால் ஆரம்பத்தில் அதற்குக் கைப்பேசியைக் கம்பியால் இணைக்க வேண்டும், ஹெல்மெட்டில் பொருத்திய ஒலிக்கருவியும் இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்ப்ளே வேலை செய்யாது. கம்பியில்லா இணைப்பு வருவதற்கு 2025 ஆயிற்று. கோல்டு விங் எஞ்சின்கள் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் ஓடக்கூடியவை. மின்னணுத் திரைக்கு அந்த ஆயுள் கிடையாது. இருபது ஆண்டு வைத்திருக்கும் நோக்கில் வாங்கும் வண்டியில், ஐந்தாண்டில் பழையதாகிவிடும் பொருளை நடுவில் பதித்துவைப்பது புதுமைக்கு எதிரான வேலை. திரை கழற்றி மாற்றக்கூடியதாக, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவில் இருந்திருந்தால் இந்தக் குறையைச் சொல்ல நேர்ந்திருக்காது.

பாதுகாப்பில்தான் இந்த வண்டி பின்தங்கி நிற்கிறது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளியான அறிக்கை, வேறு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில் அந்த வாகன ஓட்டியே வழிவிடாமல் குறுக்கே வந்தார் என்று கண்டது. வண்டியின் முன்பக்கம் இடிக்கும் அத்தகைய மோதலை மனத்தில் வைத்துத்தான் ஹோண்டா உற்பத்தி மோட்டார் சைக்கிளில் முதன்முதலாகக் காற்றுப்பையைக் கோல்டு விங்கில் 2006-இல் பொருத்தியது. பெரிய சாதனை அது. பிரேக்கில் ஏபிஎஸ் உள்ள வண்டிகள் உயிரிழப்பு விபத்துகளில் சிக்கும் விகிதம் 22 சதவீதம் குறைவு என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவகம் 2021-இல் சொன்னது. ஆனால் வண்டியின் சாய்வை உணர்ந்து வளைவிலும் பிரேக்கைப் பகிரும் ஏபிஎஸ், பி.எம்.டபிள்யூ.விலும் ஹார்லியிலும் கிடைக்கும்போது கோல்டு விங்கில் இல்லை. முன்னால் போகும் வாகனத்துக்கேற்பத் தானாக வேகத்தைக் குறைக்கும் ரேடார் க்ரூஸ் கன்ட்ரோல் 2020-இலேயே டுகாட்டியின் மல்டிஸ்ட்ராடாவில் வந்துவிட்டது. இங்கே அதுவும் இல்லை. பத்தாம் மணி நேரத்தில் ஓட்டுபவரின் கவனம் தளரும். கைவிரல் ஒரு நொடி தாமதிக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்தக் கருவிகள் இருக்கின்றன. ஆறே நிமிடப் பயணத்துக்குரிய வண்டியில் இவை இல்லாவிட்டால் மன்னிக்கலாம். 24 மணி நேரத்தில் 1,609 கிலோமீட்டர் ஓடிச் சான்றிதழ் பெறும் அயர்ன் பட் சவாரிக்காரர்கள் நம்பி ஏறும் வண்டியில் மன்னிக்க முடியாது.

இவ்வளவு செலவில் காரே வாங்கிவிடலாமே என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. காற்றும் மணமும் வெயிலும் உடலில் படப் போக விரும்புகிறவர் கார் தேடவில்லை. இதைவிடக் கூர்மையான கேள்வி இருக்கிறது: நூறு கிலோவுக்கு மேல் எடை குறைந்த அட்வென்ச்சர் வண்டிகளே இன்று தொலைதூரம் போகும்போது இந்தப் பெருவண்டிகள் எதற்கு? தனியாகப் போகிறவருக்கு அவையே போதும், பல வேளைகளில் அவையே மேல். இருவராக, நாள் கணக்கில், தார்ச்சாலையை விட்டு இறங்காமல் போகிறவர்களுக்கு உயரமான இருக்கையும் ஒடுங்கிய பின்னிருக்கையும் ஈடாகாது. கோல்டு விங்கின் இருக்கை உயரம் 745 மில்லிமீட்டர்தான். நம் நாட்டு வாசகருக்குக் கணக்கு வேறாகவும் வரலாம். இந்தியாவில் ஐம்பதாம் ஆண்டு நினைவுப் பதிப்பு 2025-இல் வந்தபோது அதன் ஷோரூம் விலை 39.90 லட்சம் ரூபாயாக இருந்தது. நான்குவழி நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு உச்ச வேகம் 80 கிலோமீட்டர். மும்பை–புணே விரைவுச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு இடமில்லை. 2023 ஆகஸ்டிலிருந்து பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் மையப் பாதையிலும் இல்லை. இந்த வண்டி எந்தச் சாலைக்காகப் பிறந்ததோ அந்த வகைச் சாலை இங்கே அதற்குப் பல இடங்களில் மூடியிருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. நெடும்பயணப் பெருவண்டியைப் புதுப்பித்ததில் கடந்த பத்தாண்டுகளின் மிகச் சரியான வேலை 2018 கோல்டு விங்கின் எடைக் குறைப்பு. 2021-இன் திருத்தம் அதை முழுமையாக்கியது. அடுத்த தலைமுறையில் சாய்வறியும் ஏபிஎஸ்ஸும் ரேடாரும் வந்தாக வேண்டும், ஒரு கிலோகூட ஏறாமல். வாங்கப் போகிறவர்கள் விற்பனைக் கூடத்தில் திரையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன், சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, எஞ்சினை அணைத்தபடியே வண்டியை நாலடி பின்னால் தள்ளிப் பாருங்கள். துணையையும் பின்னிருக்கையில் அரைமணி நேரம் உட்காரச் சொல்லுங்கள்.